உன்னைக் கேட்டிருக்க வேண்டும், செல்லத்தாயி

என் செல்லத்தாயிக்கு,

உன் அண்ணனைப் பார்க்கப் போனேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இனி அவர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று உன் காரியத்தன்று ஊர் முன்னால் சொன்னவன் நான்தான். மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நடந்ததைக் கேள்.

உன் கடைசி நாளில் நடந்ததில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. உளுந்துக் காட்டில், பனையிலிருந்து கலைந்த கதண்டுக் குளவிகள் உன்னைக் கொட்டின. கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சேர்த்தபோது உன் உதடு தடித்திருந்தது, குரல் மாறியிருந்தது. ஆனாலும் பேசினாய். "ஆட்டைப் பிடிச்சுக் கட்டியாச்சா?" என்றுகூடக் கேட்டாய். ஊசி போட்டார்கள். வீக்கம் அடங்கவில்லை. டாக்டர் என்னை வெளியே அழைத்து, மூச்சுக்குழலுக்குள் இப்போதே குழாய் போட்டுவிட வேண்டும், தொண்டை அடைத்துக்கொண்டால் பிறகு வழி தெரியாது என்றார். போடுங்கள் என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

அதற்குள் நம் தெருவே அங்கே கூடிவிட்டது. கட்டிக் கொடுத்த பெண்ணின் உடம்பில் டாக்டர் கை வைப்பதென்றால் பிறந்த வீட்டு ஆள் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அப்படித்தானே? புருஷன் சொல் அங்கே செல்லாது. கழுகுமலையிலிருந்து உன் அண்ணன் போனில் கத்தினார். "நான் வாரது வரைக்கும் அவ தொண்டைக்குள்ள ஒண்ணும் விடக் கூடாது. பேசுத பிள்ளைக்கு எதுக்குவே குழாயி?"

டாக்டர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், காத்திருந்தார். உன் அண்ணன் வந்து இறங்கும்போது உன் மூச்சு விசில் போலக் கேட்டது. அதன் பிறகுதான் முயன்றார்கள். உள்ளே வழி தெரியவில்லை. கடைசியில் கழுத்தில் வெட்டி வழி செய்யப் பார்த்தார்கள். அதற்குள் நீ போய்விட்டாய்.

எத்தனை பேர் உனக்காக முடிவு சொன்னார்கள், தெரியுமா? நீ முழித்துக்கொண்டு படுத்திருந்தாய். உன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அதன் பிறகு தொண்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விடவில்லை. நர்சு படிப்புப் புத்தகத்தைப் பழைய கடையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "பெரியவரே, உங்க ஆளுங்கதானே வேண்டாம்னாங்க?" என்றார்கள். மறுபடியும் போனேன். மறுபடியும் அதே பதில். வாட்ச்மேன் என்னைக் கண்டாலே கேட்டைச் சாத்த ஆரம்பித்தான். அவன் சாத்தட்டும். கேள்வி கேள்விதான்.

இப்போது இந்த மாதத்துச் செய்திக்கு வருகிறேன். உன் அண்ணனின் தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்தது. தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற அறையிலிருந்து ஒரு பெண்ணை வெளியே இழுத்துவிட உள்ளே போயிருக்கிறார். அவள் தப்பிவிட்டாள். இவர் அந்தப் புகைக்குள் மாட்டிக்கொண்டார். நான் கோவில்பட்டிச் சந்தையில் விதை வாங்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். எதற்குப் போனேன்? பார்க்கவா, பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

இது வேறு ஆஸ்பத்திரி. ஆனால் காட்சி அதுவே. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் உன் அண்ணன். புருவம் கருகி, மூக்கு முடி கருகி, துப்பினால் கரி. குரல் கரகரத்தது. வாய் மட்டும் குறையவில்லை. என்னைக் கண்டதும் தன் மகனை அதட்டினார்.

"ஏலே முருகேசா, இவரை எவம்லே உள்ள விட்டது? என்ன மாப்ளே, கோடித்துணி எடுத்துட்டு வந்தீரா?"

"அளவு தெரியல மச்சான். பாத்துட்டு எடுக்கலாம்னு வந்தேன்."

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

டாக்டரம்மா முருகேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தது. இளம்பெண். "இப்ப நல்லாத்தான் பேசுவாரு. உள்ள வெந்திருக்கு. வீங்க ஆரம்பிச்சா வழி மூடிரும். இப்பவே மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டுட்டா, வீக்கம் வடிஞ்சதும் எடுத்திரலாம்."

"சித்தப்பா வந்திரட்டும் டாக்டர். கயத்தாறு தாண்டிட்டாவளாம்."

உன் மதினி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சொன்னாள். "குழாய் போட்டவியள்ல யாரு வீடு திரும்புனா? பேசுத மனுசனைப் படுக்கப் போட்டுராதீங்க தாயி."

கேட்டாயா, செல்லத்தாயி? அதே வார்த்தைகள். பேசுகிற மனுஷன். வரட்டும். வந்து பார்க்கட்டும். நான் கத்திவிட்டேன். "ஏன் இவியகிட்டயும் அவியகிட்டயும் கேக்கீங்க? அவரு முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காரு? அவருகிட்ட கேளுங்கம்மா!"

"அதுக்குத்தான் போறேன். வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதான் பெரியவரே, நகருங்க" என்றது அந்தப் பெண்.

நகர்ந்தேன். அது கட்டிலருகே குனிந்து, முன்பு சொன்னதையே அவரிடம் நிதானமாகச் சொன்னது. உன் அண்ணன் கையை வீசினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தம்பி வந்து சொல்லட்டும்."

அப்போதுதான் நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஒண்ணும் இல்லேல்லா? உம்ம தங்கச்சி பேரை ஒரே மூச்சில சத்தமாக் கூப்பிடும் பாப்போம்."

உன் மதினி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் என்னை முறைத்தார். வாயைத் திறந்தார். 'செல்ல' என்பது வந்தது. அதற்கு மேல் குரல் உடைந்து, உள்ளிழுத்த மூச்சு விசிலடித்தது. அந்தச் சத்தம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும்தானே அன்றைக்கு உன் பக்கத்தில் நின்றோம்? அவர் கண்ணில் பயம் வந்ததைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதே.

"போடுங்கம்மா" என்றார். "எவனுக்காவும் நிக்காதீங்க."

எங்களை வெளியே தள்ளினார்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். முகத்தில் ஆக்சிஜனை வைத்து அழுத்தினார்கள். நர்சு உறிஞ்சும் குழாயை ஓடவிட்டுக் கையில் வைத்திருந்தது. தட்டில் ஒன்றைவிட ஒன்று சின்னதாகக் குழாய்கள். இன்னொரு டாக்டர் உன் அண்ணன் கழுத்தைத் தடவிப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டு, கத்தியோடு தயாராக நின்றார். வாய் வழியாக முடியாவிட்டால் அந்த நொடியே கழுத்து வழியாக. அன்றைக்கு உன் கழுத்தில் அந்தக் கோட்டை முன்கூட்டியே ஒருவர் போட்டிருந்தால்?

வளைந்த தகடு வாய்க்குள் போனது. எல்லார் கண்ணும் தொண்டையைக் காட்டும் சின்னத் திரையில். முதல் குழாய் போகவில்லை. வெளியே எடுத்தார்கள். முருகேசன் என் கையைப் பிடித்தான். எனக்கு உதறத் தோன்றவில்லை. மறுபடி ஆக்சிஜன். அடுத்த குழாய். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மெஷினின் சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் நெஞ்சு மேலே எழும்பியது. ஒரு தடவை, இன்னொரு தடவை.

வெளியே வந்த டாக்டரம்மாவின் நெற்றியெல்லாம் வியர்வை. "போட்டாச்சு. இருந்ததிலேயே சின்னக் குழாய்தான் போச்சு" என்றது. அவர் தம்பி அதன் பிறகுதான் வந்து சேர்ந்தார், எவனைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கத்திக்கொண்டே. அவருக்குப் பதில் சொல்ல முருகேசனே போதும்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். வீக்கம் வடிந்து குழாயை எடுத்துவிட்டார்கள். முருகேசன் வந்து நின்றான். "மாமா, அப்பா உங்களைத் தேடுதாவ." உடனே போகவில்லை. இழுத்தடித்துவிட்டுத்தான் போனேன்.

குரல் இல்லை, காற்று மட்டும் வருகிறது. காதை அவர் வாயருகே வைத்தேன்.

"நான் வந்து நிக்கும்போது அவ தொண்டையத் தொட்டுத் தொட்டு எனக்குக் கையக் காட்டுனா, மாப்ளே. பயத்துல காட்டுதான்னு நெனச்சிட்டேன். எனக்கு மூச்சு அடைக்கும்போதுதான் தெரிஞ்சுது. போடச் சொல்லித்தான் காட்டியிருக்கா."

அப்படியா, செல்லத்தாயி? போடச் சொல்லித்தான் காட்டினாயா?

அவர் அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து வரவும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வெளியேற்றும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மன்னிக்கச் சொல்லி என் கனவில் வராதே. அது என்னால் ஆகாது. வேறு ஒன்று செய்கிறேன். அவர் நடமாடத் தொடங்கியதும், அந்தக் காற்றுக் குரலோடு அவரை நம் தெருவுக்குக் கூட்டிவந்து, அன்றைக்குக் கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும் நீ கை காட்டியதைச் சொல்ல வைப்பேன். அவர் குரல் கேட்காவிட்டால் பக்கத்தில் வந்து கேட்கட்டும். அவரால் முடியாத அன்றைக்கு நான் சொல்வேன்.

பிறந்த வீடு வந்து சொல்லும் முன்பே உனக்குச் சரி சொன்னவன்,
உன் வீட்டுக்காரன்
சங்கரலிங்கம்