வெறுந்தொட்டிலை ஆட்ட மாட்டேன் என்றவள்

எழுமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மருமகள் இசைவாணியும் உன் மகன் பீமாராவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மஸ்கட் வெயிலில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் கடிதம் ஒரு கேடா என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே ஒன்பது சொல்வாய், அதற்குள் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். நம் ஊர் அழகுபாண்டி லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறேன். உருண்டையை முதலில் தின்றுவிட்டுக் கடிதத்தை அப்புறம் படிக்கலாம் என்று வைத்துவிடாதே.

போன வாரம் நல்ல மழை, கடலைப் பயிர் தப்பித்துக்கொண்டது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னால் டீக்கடை வரைக்கும் நடந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். உன் மகன் சுவரைப் பிடித்து நடக்கிறான், கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. சரி, அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது உன் பொண்டாட்டியைப் பற்றி. பதறாதே, புகார் இல்லை. மாமியார் மருமகளைப் புகழ்ந்து எழுதுகிறாள் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், நீயாவது நம்பு.

அவள் படிக்கிற பி.எட். வகுப்பில் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒரு பாடம் இருக்கிறது இல்லையா, அதில் ஒவ்வொரு பிள்ளையும் எல்லோர் முன்னாலும் நின்று, ஏதாவது ஒன்றை எப்படிச் செய்வது என்று கையால் செய்துகொண்டே வாயாலும் சொல்லிக் காட்ட வேண்டுமாம். முதல் தடவை காகிதத்தில் கவர் செய்து காட்டப் போனாள். கை மடித்தது, வாய் திறக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உனக்குப் போன் போட்டு அழுதாள். நீ என்ன சொன்னாய்? வராததை எதுக்குப் போட்டு இழுக்குற, படிச்சது போதும், விட்டுருன்னு சொன்னாய். பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அவள் அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டாள். அந்தப் பாடம் எடுக்கிற ஜெனி மேடம் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னதும், இந்தத் தடவையும் வாய் வரலைன்னா நானே நின்னுக்கிறேன் அத்தை, அவுக சொன்னதுதான் சரின்னு என்னிடம் சொல்லிவிட்டாள். இம்புட்டுப் படித்த பிள்ளை ஒரு ஐந்து நிமிடப் பேச்சுக்காகப் படிப்பை விடுவதா?

எதைச் செய்து காட்டுவது என்று நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள். ஒரு நாள் பீமாராவைத் தூங்கவைக்கப் புதுசாகத் தொட்டில் கட்டிக்கொண்டு, அந்த முனையைப் பிடிங்க அத்தை, இழுங்க, இன்னும் இழுங்க, நைலக்ஸ் சேலை வேணாம் வழுக்கும், முடிச்சு மேலேயே நிக்கணும், புள்ள தலைகிட்ட வரக்கூடாதுன்னு மூச்சுவிடாமல் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதையே காமிச்சா என்ன அத்தைன்னு கேட்டாள்.

அப்புறம் வீடே பள்ளிக்கூடம் ஆனது. அப்பாதான் வகுப்பு. எதைச் சொன்னாலும் வெரி குட், வெரி குட் என்று தலையாட்டுவார், புரிந்ததா என்று கேட்டால் புரியவில்லை என்பார். இவளுக்கு ஒரு சிக்கல், கை வேலை செய்தால் வாய் நிற்கிறது, வாய் பேசினால் கை நிற்கிறது. யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்தாள். ஒரு முடிச்சுப் போடுவாள், கையை அப்படியே நிறுத்துவாள், நிமிர்ந்து எங்களைப் பார்த்து ஒரு வரி சொல்வாள், அப்புறம்தான் அடுத்த முடிச்சு. அவள் சொல்லிச் சொல்லி, இங்கிலீஷ் தெரியாத எனக்கே அந்தப் பேச்சு முழுதும் மனப்பாடம்.

அவள் செய்து காட்ட வேண்டிய அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன், நிஜப் பிள்ளையைப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாறிக் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜெனி மேடம் வகுப்பையே வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்துவிட்டார். என் பழைய சுங்குடிச் சேலையைக் கிளையில் போட்டு ஒவ்வொரு முடிச்சாகச் சொல்லிச் சொல்லிக் கட்டினாள், ஒரு இடத்தில் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அடுத்துப் பிள்ளையைப் போட வேண்டும். உன் மகன் அத்தனை பெண்களையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போட்டான் பார் ஒரு கூப்பாடு! இறங்கவே மாட்டேன் என்கிறான். மேடமும், பரவாயில்லம்மா, சும்மா ஆட்டிக் காட்டி முடிச்சிருங்கன்னு நல்ல மனதோடுதான் சொன்னார்.

வெறுந்தொட்டிலை எப்படி ஆட்டுவது? பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்று நம் வீட்டில் யாராவது தொடுவோமா? இவள் கை சேலைப் பக்கம் போனது, பிறகு திரும்பி வந்துவிட்டது. போச்சு, இன்றைக்கும் அப்படியே போய் உட்காரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இவள் நிமிர்ந்தாள். சாரி மேடம், எம்ப்டி தொட்டில் ஆட்ட மாட்டோம்னு சொன்னாள். சொல்லிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள் பார், ஏன் ஆட்டக்கூடாது, வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அது மனப்பாடம் செய்தது இல்லை என்று எனக்குத் தெரியும், மனப்பாடம் செய்ததெல்லாம்தான் எனக்கும் மனப்பாடமே. பிள்ளைகள் எல்லாம் ஆமா மேடம், எங்க வீட்லயும் அப்படித்தான்னு கத்துகிறார்கள். மேடம் சிரித்துக்கொண்டு, எங்க அம்மாவும் இதையேதான் சொல்வாங்கன்னு ஒத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டாளா? வகுப்பிலேயே கொஞ்சம் பூசினாற்போல இருக்கிற பாண்டிச்செல்வி என்ற பெண்ணைக் கூப்பிட்டுத் தொட்டிலில் உட்காரவைத்தாள். முடிச்சு தாங்குமா என்று இப்போது பாருங்கள் என்று சொன்னாளாம். கிளை லேசாக முனகியது, முடிச்சு இம்மிகூட அசையவில்லை. இவள் ஆட்டுகிறாள், மற்ற பிள்ளைகள் ஆராரோ பாடுகிறார்கள், அந்தப் பெண் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடிக்கிறது. அப்போதுதான் உன் மகன் அழுகையை நிறுத்திவிட்டு நானும் வருவேன் என்று தாவுகிறான், கள்ளப்பயல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் அந்தக் காலத்தில் அடுத்தவர் காட்டு மரத்தில் தொட்டில் கட்டி உன்னைப் போட்டுவிட்டுத்தான் களை எடுத்தேன். அதை ஒரு காலேஜில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க நம் வீட்டில் ஒருத்தி வருவாள் என்று யார் கண்டது? அடுத்த வாரம் பக்கத்து வகுப்புக்கும் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார் மேடம். இனி அவள் படிப்பை விடுகிற பேச்சே இல்லை, அதை நீயும் எடுக்காதே.

பஸ் ஸ்டாண்டில் நின்று ஆசையாக உனக்குத்தான் முதலில் போன் போட்டாள். நீ, முடிஞ்சிருச்சா, பாஸ்தானே, சரி பஸ் ஏறுன்னு சொல்லி வைத்துவிட்டாய். வேலையில் இருந்திருப்பாய், உன்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு அப்பா என்ன நடந்தது என்று கேட்டாலும், மொதல்ல அவுகளுக்குச் சொல்லிட்டுச் சொல்றேன் மாமான்னு சிரித்து மழுப்புகிறாள்.

தண்ணீர் நிறையக் குடி. அழகுபாண்டியிடம் பழைய சட்டை எதையும் கொடுத்து அனுப்பாதே, அங்கேயே யாருக்காவது கொடு. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நோய் நொடி இல்லாமல், உன் பிள்ளை ஓடுகிற வயதில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு, எப்படிப் பேசுனன்னு கேளு. முடியும்வரை குறுக்கே பேசாதே. பாத்திரம் விளக்கும்போது அவள் தனியாக முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்டேன். என்னங்க, அன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமான்னு ஆரம்பிக்கிறாள், நிறுத்துகிறாள், திரும்ப வேற மாதிரி ஆரம்பிக்கிறாள். அத்தனை பேருக்கு முன்னால் ஒத்திகை இல்லாமல் பேசியவள், தம்பி, உன்னிடம் சொல்வதற்கு ஒத்திகை பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
முனியாயி