தோல் பவளமும் அப்பாவின் மீசையும்

திருமங்கலம்
பங்குனி 28

அன்பு மகன் நல்லகாமனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை, பவளத் தொட்டி எல்லோரும் சுகம். பம்பாயில் உன் சுகத்துக்கும், ரொட்டியோடு சண்டை போடும் உன் வயிற்றின் சுகத்துக்கும் பதில் போடவும். வலது கட்டைவிரல் லேசாகச் சுளுக்கிக்கொண்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ரெங்கம்மாள் எழுதுகிறாள். (அண்ணே, சுளுக்கெல்லாம் இல்லை. கடல் பாறைக்குள் ஒளிந்து வந்த நண்டு. அப்பாவின் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது, எடுக்கக் கை விட்டார், நண்டு கைவிடவில்லை. கண்ணாடி இன்னும் நண்டிடம்தான் இருக்கிறது, ஆகவே அப்பாவால் இதைப் படித்துப் பார்க்க முடியாது. அடைப்புக்குள் வருவதெல்லாம் நான்.)

உன் மானேஜர் வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்கிறது, மதுரை வெயிலில் அது ஒரு வாரம் தாங்காது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பலூரில் கண்ணாடி வெட்டித் தொட்டி செய்தேன். உன் மாமா விருமாண்டி மண்டபம் கடற்கரையிலிருந்து மீன் லாரியில் கடல் தண்ணீரும் பாறையும் கொண்டுவந்தான். தண்ணீர் தெளிந்து நாற்றம் அடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் அவன் மறுநடையில் கொண்டுவந்த பவளத்தை இறக்கினேன். மோதிரத்துக் கல் என்று நினைக்காதே, இது தோல் பவளம், காளான் குடை போல மெத்தென்று இருக்கும், குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல் நீட்டும். கரண்டு போனால் காற்று நின்றுவிடுமே என்று நம் பஞ்சர் கடை லாரி ட்யூபில் காற்றடித்து, சின்னக் குழாய் மாட்டித் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். வெயிலுக்கு ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறேன். (மத்தியானம் விசிறியும் வீசுகிறார். இம்புட்டு வருசத்துல எனக்கு ஒரு வீச்சு வீசிருப்பீகளா என்று அம்மா கேட்டதற்கு, நீ வாடலையே என்றார். அன்றைக்கு உப்பில்லாத குழம்பு. உப்பு வேணும்னா தொட்டில மொண்டுக்கங்க என்றுவிட்டாள். இதை விட மோசம் ஒன்று: மச்சான், அது கருவாடாகப் போகுது பாருங்க என்று மாமா சீண்ட, பவளம் செத்தா என் மீசைய எடுத்துர்றேன் மாப்ள என்று கடையில் அத்தனை லாரிக்காரர் முன்னாலும் அப்பா சொல்லிவிட்டார். எந்த மீசை? நம் வீட்டுக்கு வழி கேட்டால் ஊரார் அடையாளம் சொல்லும் மீசை.)

போன வாரம் பவளம் கொஞ்சம் அசதியாக இருந்தது, இப்போது தேவலை. (அசதியா! குடையை மடக்கி, சுருங்கி, பழைய மெழுகு பூசியது போல் மங்கிப்போனது. நாளாக ஆக இன்னும் மோசம். அடுத்த வீட்டு முருகம்மாள் அத்தை துஷ்டி கேட்க வந்து, நல்லாத்தான நின்னுச்சு, எப்பத்தா மூச்சு அடங்குச்சு என்று மூக்கைச் சிந்தினார். முடிவெட்டும் கருத்தக்கண்ணன் அண்ணனை மாமா கையோடு கூட்டிவந்துவிட்டார். வேணாம் மச்சான், சும்மா வெளாட்டுக்குச் சொன்னது என்று கடைசியில் மாமாவே பின்வாங்கினார். அப்பா கேட்கவில்லை. எடுறா கண்ணா, சொன்னா சொன்னதுதான் என்று நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடப்பக்கம் போயிற்று. அம்மா பவளத்தை எடுத்து முருங்கை மரத்தடியில் புதைக்கலாம் என்று தோசைக் கரண்டியோடு போனாள். கரண்டி பட்டதும் பாலாடை போல ஒரு தோல் கழன்று வந்தது. உள்ளே புதுசாகப் பளபளவென்று உயிரோடு இருக்கிறது! ஏங்க, சட்டை உரிக்குதுங்க, சாகலைங்க என்று அலறினாள். கத்தி அப்படியே நின்றது.)

வரும் சித்திரைத் திருவிழாவுக்கு நீ வர வேண்டாம். கூட்டம் அதிகம், பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஆடியில் வந்தால் போதும். (மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள் என்று அம்மா கெஞ்சுகிறாள். பவளம்தான் பொழச்சுருச்சுல்ல, எடுத்தா நான் தோத்ததா ஆயிரும் என்கிறார். பல்வலி என்று முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஞ்சர் ஒட்டுகிறார். அண்ணன் ஏங்கிப்போகும்ப்பா என்றேன். துண்டை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டு, அடுத்த வரியை எழுதச் சொன்னார்.) வந்தே தீருவேன் என்றால் விடிகாலை பஸ்ஸில் வந்து சேர். வெயில் விழுந்ததும் பவளம் விரல் விரலாக விரியும், அதைப் பார். என் முகத்தைப் பார்க்காதே.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. கருப்பசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. வெள்ளைத்துரை

(கையெழுத்து இடது கையால் போட்டது. பம்பாயில் ஒட்டு மீசை இடப்பக்கம் மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொண்டு வா.)