டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது

அருமை மருமகள் சில்வண்டுக்கு,

டைட்டானியம் கத்திப்பிடிகளுக்கு மெருகேற்றுவதில் மூவுலகிலும் நிகரற்றவனும், நேற்று கழுத்துப் பிடித்துக்கொண்டதால் இடது பக்கத்து உலகத்தை மட்டுமே ஆண்டுகொண்டிருப்பவனுமாகிய உன் தாய்மாமன் வாழ்த்தி எழுதுவது. நான் நலம். கழுத்து நலமில்லை.

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள். வேலை பழகப் போன பட்டறையிலேயே நிரந்தரமாகச் சேரச் சொல்கிறார்கள், சேரட்டுமா, திரும்பி வரட்டுமா என்பது ஒன்று. அந்தப் பட்டறையில் டிரம்மில் உருட்டும் பிடிகள் ஏன் முனை மழுங்கி வருகின்றன என்பது இன்னொன்று. அறிவாளிகள் முதலில் சுலபமான கேள்விக்குத்தான் பதில் எழுதுவார்கள்.

காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்த பிடி சாம்பல் பூத்த மாதிரி அழகாக இருக்கும். ஆனால் சாவிக்கொத்தோடு ஒரு நாள் ஒரே பையில் கிடந்தால் பூனை பிறாண்டியது போலாகிவிடும். கண்ணாடிப் பாலிஷ் போட்டால் அதில் முகம் பார்க்கலாம். போன மாதம் நான் போட்ட பாலிஷில் வெயில் பட்டுத் தெறித்து எதிர்வீட்டு மாடியில் ஈரத்துணியெல்லாம் காய்ந்துவிட்டது. நம்பாவிட்டால் போ.

நிறமேற்றும் மின்தொட்டிப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. அது உன் ராஜ்ஜியம். மின்சாரத்தை ஏற்ற ஏற்ற வெண்கலம், ஊதா, நீலம் என்று நீ வரிசையாக வரவழைப்பாய். நான் போட்டால் மழையில் நனைந்த சுவர் மாதிரி திட்டுத்திட்டாக வருகிறது. விரலில் இருக்கும் எண்ணெய் பட்டாலே போதுமே. "கையை எடுங்க மாமா, கையை எடுக்கச் சொன்னேன்ல!" என்று நீ போடும் கூச்சலில் இடுக்கிகூட நடுங்கும். இப்போது கத்த ஆளில்லை. எல்லாப் பிடியிலும் என் கட்டைவிரல்தான்.

இனி டிரம். பீங்கான் கற்களும் சோப்புத் தண்ணீரும் போட்டுப் பிடியை உருட்டினால், பளபளப்பு அடங்கி, பல காலம் கையில் புழங்கிய பொருள் மாதிரி ஆகும். புதிய கீறல் விழுந்தாலும் தெரியாது. ஆனால் பழைய கீறல் மறைந்ததும் எடுத்துவிட வேண்டும். 'அழகாகத்தானே வருகிறது, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்று ஆசைப்பட்டால் முனையெல்லாம் தேய்ந்து தொலைந்தது. உங்கள் பட்டறையில் யாரோ ஆசைப்படுகிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஒரு தச்சர் தன் பிடியில் மனைவி பெயரைப் பொறித்துக் கொண்டுவந்தார், மெருகு மட்டும் போதுமென்று. டிரம்மில் போட்டேன், சரியாக வந்தது. எடுத்திருக்கலாம். ஓடட்டும் என்று விட்டேன். எடுத்தபோது பிடி கூழாங்கல் மாதிரி இருந்தது, பெயரைக் காணோம். "ஏங்க, பொண்டாட்டியையே அழிச்சிட்டீங்களே" என்றார். ஆயிரம் வருஷம் ஆற்றில் கிடந்தாலும் இந்த வழவழப்பு வருமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புதுப் பிடிக்கு நான்தான் மீண்டும் பெயர் பொறித்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்துவிட்டார். "நாள் முழுக்க அப்படி என்னத்தைத்தான் உருட்டுறீங்க அண்ணே? என் தையல் மெஷின் சத்தமே எனக்குக் கேக்கல" என்று சண்டை. அவசர ஆர்டர், அரண்மனையிலிருந்து வந்தது என்றேன். எந்த அரண்மனை என்று கேட்டுக்கொண்டே போய் டிரம்மை நிறுத்தி மூடியைத் திறந்தார். உள்ளே கற்கள்தான் இருந்தன. பிடி ஒன்றுகூட இல்லை. கற்களுக்கும் உடற்பயிற்சி வேண்டாமா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தம்மா என்னைப் பார்த்தார், நீ உட்காரும் முக்காலியைப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு, அவரே சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் சண்டைக்கு வரவில்லை. ஒரு நல்ல எதிரியை இழந்தேன்.

சரி, பெரிய கேள்வி. உனக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தது என் அக்கா. அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் என்னைத் திட்டியிருப்பாள். அவள் வாயில் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு சொல்லியிருப்பாள்: "பிள்ளையை இன்னும் எத்தனை காலம்டா உன் டிரம்முக்குள்ளயே போட்டு உருட்டப் போற?"

ஆகவே கையெழுத்துப் போடு. நீ சரியாக வந்திருக்கிறாய், முனை முனையாக இருக்கிறாய். மாமாவைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு பெரிய ராஜ்ஜியத்தையே ஆள்கிறவனுக்கு என்ன குறை?

ஒன்றே ஒன்று. உங்கள் பட்டறையில் டிரம் ஓடும்போது, உனக்கு வேலை இல்லாவிட்டால், எனக்குப் போன் போட்டு அதன் பக்கத்தில் வை. பேசக்கூட வேண்டாம். சத்தத்தைக் கேட்டே கல் தேய்ந்துவிட்டதா, தண்ணீர் போதுமா என்று சொல்லிவிடுவேன். அந்த நேரத்துக்கு இங்கே டிரம்மை நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

கையில் எண்ணெய் படாமல், நல்ல நிறமாக வாழ்வாய்.

உன் தாய்மாமன்