இடக்கை முடிச்சு

1949 அக்டோபர் 30, ஞாயிறு

தம்பி காஸ் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். பூசை முடிந்து நேராக வருவதாகச் சொன்னான். பொய். மெழுகுவத்தி வாடை இல்லை, பீர் வாடைதான் அடித்தது. முட்டைக்கோசு இலையில் கறி வைத்துச் சுருட்டியதை ஆறு தின்றான். "உன் கை பட்டா கல்லுகூட வெந்துடும்க்கா" என்று ஐஸ் வைத்தான். லாரி ஓட்டுகிற வேலையும் போய்விட்டதாம். எத்தனையாவது வேலை இது? அம்மா சாகும்போது என் கையில் பிடித்துக் கொடுத்தாள், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது முப்பது. நடுவில் வளர்ந்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. பணக்கார வாடிக்கைக்காரி திருமதி ஹோல்கமின் முத்து மாலை வரப்போகிறது, ஓபரா சீசன் தொடங்குவதற்கு முன் வருஷா வருஷம் நூல் மாற்ற அனுப்புவார்கள், நவம்பர் பதினாலாம் தேதி அவர்கள் டிரைவர் வரும்வரை எங்கள் நகைக்கடைப் பெட்டகத்தில்தான் இருக்கும் என்றெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டேன். "அது என் மடியில கெடக்கற நேரத்துல நாந்தான்டா மகாராணி." காஸ் சிரித்தான். இன்னொரு முறை சூப் கேட்டு வாங்கிக் குடித்தான்.

நவம்பர் 7, திங்கள்

மாலை வந்தது. தொண்ணூற்று மூன்று முத்து. நடு முத்தில் மட்டும் லேசாக ரோஜா நிறம் ஓடும். பழைய நூலை அறுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி உலர வைத்தேன்.

முதலாளி மிஸ்டர் எக்லண்ட் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். "இந்த ஊர்ல நூறு பேர் முத்து கோப்பாங்க, லுத்விகா. முடிச்சு இடப்பக்கமா சாயறது உன் ஒருத்தியோடதுதான்." இருபது வருஷமாக இதே பேச்சு. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் அடித்துப் பார்த்தும் என் இடது கை திருந்தவில்லை.

லிஃப்ட்காரர் வெதர்பி, தினமும்போல: "ஒம்பதாவது மாடி வந்தாச்சுங்கம்மா. பாத்து, படி கொஞ்சம் மேல நிக்குது." அந்தக் கட்டடத்தில் எனக்குத் தொப்பி கழற்றுகிற ஒரே மனிதர்.

நவம்பர் 9, புதன்

கோத்து முடித்தேன். பெட்டகத்துக்குப் போய்விட்டது. முதுகு விட்டுப் போகிறது.

நவம்பர் 13, ஞாயிறு

கோவில் வாசலில்தான் கேள்விப்பட்டேன். நேற்று சாயங்காலம் எங்கள் கடைப் பெட்டகத்தை உடைத்துவிட்டார்களாம். எல்லாம் போயிற்று. இரவுக் காவலர் பின்னியைச் சுட்டுவிட்டார்கள். செத்துப்போனார்.

அவர் ஆறரைக்கு வருகிறவர். நேற்று வீட்டில் கணப்பு கெட்டுப்போய்க் குளிர் தாங்கவில்லையாம், ஆறுக்கே வந்துவிட்டார். கடைக்குள் கதகதப்பாக உட்காரலாம் என்று வந்த மனிதர்.

என் மாலையும் போய்விட்டது. ஒரு மனிதர் செத்துக் கிடக்கும்போது எனக்கு மாலை நினைவு வருகிறதே, நான் என்ன ஜென்மம்?

நவம்பர் 14, திங்கள்

போலீசிலிருந்து கெரிகன் என்றொருவர் வந்திருந்தார். ஈரத் தொப்பியை என் மேஜைமேலேயே வைத்தார். "பெட்டகம் எப்ப நெறஞ்சிருக்கும்னு தெரிஞ்சு வந்திருக்கானுங்க. உள்ள இருக்கிற யாரோ சொல்லிருக்காங்க. நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை" என்றேன்.

வெதர்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டகத்தை உடைத்த ஆளை மேலே ஏற்றிவிட்டவர் அவர்தான். எக்லண்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டானாம், ஏற்றிவிட்டாராம். அதை அவரே வாய் திறந்து சொன்னார். கறுப்பர் வேறு. அதற்கு மேல் யாரையும் தேட அவர்களுக்கு அவசரம் இல்லை.

யாருகிட்ட சொன்னேன்? ஐயோ, யாருகிட்ட சொன்னேன் நான்? ஒரே ஒருத்தன்கிட்டதான்.

நவம்பர் 15, செவ்வாய்

அவன்தான்.

வேலை முடிந்து வந்தால் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். தாடி, சேறு, மடியில் ஒரு காப்பி டப்பா. "நான் சுடலக்கா. நான் காரத்தான் ஓட்டுனேன். சுட்டது டோலன்." நான் அறைந்தேன். திரும்பத் திரும்ப அறைந்தேன். தடுக்கவே இல்லை அவன்.

டோலன் எவனோ பில்லியர்ட்ஸ் கிளப்பில் பழக்கமாம். பையைக் காருக்குள் எறிந்துவிட்டு அவன் ஏறுவதற்குள் சைரன் சத்தம். இவன் பயத்தில் அவனை விட்டுவிட்டு ஓட்டி வந்துவிட்டான். பாலத்தில் நிறுத்திப் பையோடு எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டினானாம். இந்தப் பயந்தாங்கொள்ளிக்குத் திருட்டு ஒரு கேடு!

டப்பாவைத் திறந்து காட்டினான். என் மாலை.

"இத மட்டும் ஏன்டா வச்சிருக்க?"

"நீ கோத்ததுன்னு தெரிஞ்சுதுக்கா. போடக் கை வரல."

அழுதேன். வேறு என்ன செய்வேன்? காரோட்டியவனுக்கும் அதே மின்சார நாற்காலிதானாம், பத்திரிகையில் போட்டிருக்கிறது. இதையெல்லாம் எழுதக் கூடாது. எழுதாவிட்டால் கடையில் உளறிவிடுவேன் போலிருக்கிறது. இந்த நோட்டை மாவு டின்னுக்குள் வைக்கிறேன்.

நவம்பர் 17, வியாழன்

மாலையை அறுத்து இரண்டு சின்ன மாலையாகக் கோத்துக் கொடு, ஒன்றை விற்று சிகாகோவை விட்டே போய்விடுகிறேன் என்கிறான். டோலன் இவனைத் தேடுகிறான். போலீஸ் வருவதற்குள் டோலன் வந்தால் நாற்காலிவரைகூடப் போக வேண்டியிருக்காது. அவன் முகத்தைப் பார்த்தேன். சரி என்றேன்.

சமையலறை மேஜையில் போர்வை விரித்து உட்கார்ந்தேன். ரோஜா முத்தைத் தனியாக எடுத்துவிட்டேன், அது இருந்தால் குருடனும் கண்டுபிடிப்பான். மீதி நாற்பத்தாறும் நாற்பத்தாறும். ஒவ்வொரு முத்துக்கும் முடிச்சு போட்டு இழுத்து உட்காரவைத்தேன். காஸ் ஜன்னல் திரையை விலக்குவதும் மூடுவதுமாக இருந்தான்.

"சும்மா கோத்துக் குடுக்கா. முடிச்சு எதுக்கு? கல்யாணத்துக்கா குடுக்கறோம்?"

"வாய மூடு. முத்தும் முத்தும் உரசுனா தோல் போயிடும்."

முடித்துக் கையில் பிடித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. வெட்கங்கெட்டவள், ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ரோஜா முத்தை என் கோட்டு உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டேன். வீட்டில் எந்த இடமும் பத்திரமாகத் தோன்றவில்லை.

நவம்பர் 18, வெள்ளி

முடிச்சு! கடவுளே, என் முடிச்சு. காஸிடம் சொன்னேன். "அதெல்லாம் எவன் பாக்கப் போறான்" என்கிறான். பிரித்துத் தருகிறேன் என்றேன். அதற்குள் ஒன்றைக் கைமாற்றிவிட்டானாம்.

நவம்பர் 21, திங்கள்

வெதர்பியின் மனைவி கடைக்கு வந்தார். கையுறை போட்டு, தொப்பி வைத்து, கோவிலுக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். லிஃப்ட்டில் கணவரின் மூக்குக்கண்ணாடி விழுந்து கிடக்கிறதா என்று கேட்டார்.

"அது இல்லாம அவருக்கு எழுத்தே தெரியாதுங்கம்மா. ஏதோ காயிதத்துல கையெழுத்து போடு, போடுன்னு ஒம்பது நாளா உக்கார வச்சிருக்காங்க. தூங்கவும் விடலையாம். படிச்சுப் பாக்காம போடமாட்டேன்னு ஒக்காந்திருக்காரு."

ஏழு நாள்தான் ஆகிறது. அந்த அம்மாளுக்கு ஒன்பது.

நான் தேடினேன். ஸ்டூலுக்கு அடியில் இருந்தது. துடைத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தி நல்லதா சொல்லுவாரு" என்றார்.

நவம்பர் 23, புதன்

கீழே ரொட்டிக்கடையில் பழுப்புத் தொப்பிக்காரன் ஒருத்தன் "லுத்விகாவோட தம்பி ஊர்ல இருக்கானா?" என்று விசாரித்தானாம். ரொட்டிக்காரி வெள்ளந்தியாக என்னிடம் சொல்கிறாள். "பாக்க நல்லா லட்சணமா இருந்தான், உன்ன யாராவது பொண்ணு கேட்டு வந்திருக்காங்களோ?" என்று சிரிப்பு வேறு.

காஸை அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறேன். மாடிப்படியில் ஒவ்வொரு காலடிக்கும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை ஏழு மணி ரயிலில் போகிறான். இன்னும் இரண்டு நாள்.

நவம்பர் 24, வியாழன்

நன்றி நாள் விருந்து, ஊரெல்லாம் வான்கோழி வெட்டுகிறது. நாங்கள் சத்தம் போடாமல் ரொட்டி தின்றோம். "அங்க போய் லாரி ஓட்டுவேன்க்கா, ஒழுங்கா இருப்பேன்" என்றான். நம்பினேன். வெதர்பி இன்று என்ன சாப்பிட்டிருப்பார்?

நவம்பர் 25, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அடகுக்கடைக்காரர் ஒருவர் எக்லண்டின் அறைக்குப் போனார். யாரோ யாரிடமோ வாங்கி, மூன்று கை மாறி அவரிடம் வந்த முத்து மாலையாம். தரம் தன் கடைக்கு ஒவ்வாததாக இருக்கவே சந்தேகப்பட்டு மதிப்புப் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன்.

அவர் போனதும் எக்லண்ட் டெலிபோனில் பேசினார். பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார். லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். எழுந்து வந்து, மாலையை என் மேஜைமேல் துணியில் வைத்தார்.

"முத்து நம்மளுதுன்னு கெரிகன்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு வராரு."

"சரிங்க."

"அதச் சொன்னதுக்கு அப்புறந்தான் நூலப் பாத்தேன். நூலப் பத்தி யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல." கத்தரிக்கோலை எடுத்து மாலைக்குப் பக்கத்தில், என் இடது கைப் பக்கமாக வைத்தார். "அழுக்கு நூல். முத்து மட்டும் இருந்தா அவங்களுக்குப் போதும். நான் சாப்பிட்டுட்டு ஒண்ணரைக்கு வரேன்."

என் முகத்தைப் பார்க்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம். நாற்பத்தாறு முடிச்சு. அறுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. அறுத்தால் வெறும் முத்துதான். எவன் விற்றான், எவள் கோத்தாள், ஒன்றும் கிடையாது. ஏழு மணிக்குக் காஸ் ரயிலில் இருப்பான். கத்தரிக்கோலை எடுத்தேன். நூலுக்கு அடியில் நுழைத்தும்விட்டேன், அது நிஜம். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அறுத்துடுடி. அறுத்துட்டா முடிஞ்சுது. அறு.

லிஃப்ட் மணி அடித்தது. யாரோ புது ஆள் ஓட்டுகிறான், முரட்டுத்தனமாகக் கதவைத் திறக்கிறான். படி மேலே நிற்கிறது என்று அவன் சொல்லவில்லை. ஒரு பெண் தடுக்கி விழுந்து திட்டினாள். வெதர்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தைப் படித்திருப்பார். படித்துவிட்டு இன்னும் எத்தனை நாள் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பார்? பின்னிக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், கணப்பு கெட்டுப்போன வீட்டில். என் தம்பியைத் தவிர மற்ற எல்லாரும் என் வாயால்தான் கெட்டார்கள். இல்லை, அவனும்தான்.

காஸ் ஏழு மணி ரயிலில் ஏறினால் பழுப்புத் தொப்பிக்காரனும் ஏறுவான் என்றும் நினைத்தேன். போலீசிடம் இருந்தால் உயிராவது இருக்கும் என்று நினைத்தேன். இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமா? இருக்கலாம்.

எக்லண்ட் திரும்பி வந்தபோது மாலை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கெரிகன் வந்ததும் கத்தரிக்கோலால் என் கோட்டின் உள்துணியைப் பிரித்தேன். ரோஜா முத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இது என் கை முடிச்சு. உள்ள இருந்து சொன்னது நாந்தான். லிஃப்ட்காரர விடுங்க" என்றேன். "யாருகிட்டம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். எங்கே இருக்கிறான் என்று சொல்வதற்கு முன்னால், "அவன் துப்பாக்கி வச்சிருக்கமாட்டான், சுட்டுடாதீங்க, அலமாரிக்குப் பின்னாடி உக்காந்திருப்பான்" என்று மூன்று தடவை சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

நவம்பர் 26, சனி

சுடவில்லை. உயிரோடு இருக்கிறான். மேஜைமேல் அவன் குடித்த காப்பி அப்படியே இருக்கிறது.

1950 மே 7, ஞாயிறு

இந்த நோட்டை இத்தனை நாள் தொடவில்லை. இன்று சிறையில் காஸைப் பார்த்தேன்.

டோலனின் இடத்தைச் சொன்னதால் அவனுக்கு மின்சார நாற்காலி இல்லை, தொண்ணூற்றொன்பது வருஷம். குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டுவிட்டதால் கோர்ட்டில் யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை, நான் சொன்னதும் அங்கே வெளிவரவில்லை. என்னையும் விட்டுவிட்டார்கள். எக்லண்ட் கடையில் என் இடத்தை அப்படியே வைத்திருக்கிறார். திருமதி ஹோல்கம் வேறு கடைக்குப் போய்விட்டார். வெதர்பி மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார், வேலைக்கும் வந்துவிட்டார். தினமும் என்னை ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறார். பேசுவதில்லை. நான் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். படி மேலே நின்றாலும் சொல்வதில்லை. நான் குனிந்து பார்த்து இறங்கப் பழகிவிட்டேன்.

காஸ் ஐந்து மாதம் என்னைப் பார்க்க மறுத்துவிட்டான். இன்று வந்து கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். மெலிந்திருக்கிறான்.

"முட்டைக்கோசு கொண்டாந்தியா?"

"உள்ள விடலடா."

சிரித்தான். பிறகு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கே சொன்னேன், முடிச்சு போடாதன்னு. ஒரே ஒரு தடவ போடாம விட்டிருக்கலாம்ல?"

"எனக்கு அது வராதுடா."

"தெரியும். உன்மேல கோவமெல்லாம் இல்லக்கா. அந்தக் கெரிகன் கண்ணுல பட்டுடுச்சு, நீ என்ன பண்ணுவ? உன்ன என்ன பாடு படுத்துனானோ. அதத்தான் இங்க உக்காந்து நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாவம்க்கா நீ."

கத்தரிக்கோல் என் கையில் இருந்தது, ஒன்றரை மணி நேரம் இருந்தது, யாரும் என்னைக் கேட்கவில்லை — இதைச் சொல்லத்தான் போனேன். ரயிலில் போகும்போது வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாய் வரவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள்.

அடுத்த மாதமும் வா என்றிருக்கிறான். போவேன். பயமாக இருக்கிறது.