பூசணிக்காய் விமானம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமென்று நானே எழுதிக்கொள்கிறேன். நீ எங்கே எழுதப்போகிறாய்! பன்னிரண்டு ஓவியங்களும் முடிந்துவிட்டன. சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் நீ எனக்கு வாசித்துக் காட்டிய படக்கதைதான்: பசித்தவர் வீட்டுக் கூரைமேல் பூசணிக்காய் போட்டுவிட்டுப் போகும் விமானி. மாதக் கடைசியில் கண்காட்சி. அம்மாவின் டிரங்குப்பெட்டியில் அந்தப் புத்தகம் இருக்குமே, அனுப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

உன் வாலு

மார்ச் 11

அன்புள்ள வாலுவுக்கு,

பட்டறையில் வேலை தலைக்கு மேல். அதோடு புத்தகம் செல்லரித்துக் கிடக்கிறது, அதைப் போய் யார் பார்ப்பார்கள் என்றுதான் தள்ளிப்போட்டேன். "குடுத்துத் தொலைங்களேன், உங்க தங்கச்சிதானே" என்று உன் அண்ணி பிடுங்கி எடுத்துவிட்டாள். அனுப்பியிருக்கிறேன். மூடியபடியே வை. திறந்தால் உதிர்ந்துவிடும்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

திறந்தேன். ஒன்றும் உதிரவில்லை, என் மானம்தான் போயிற்று. அவன் போடுவது பூசணிக்காயா? குண்டு! பக்கத்துக்குப் பக்கம் எதிரி ஊரைக் கொளுத்துகிறான், கீழே அதற்குப் பாராட்டு வேறு. "போர்க்காலத்திலும் குழந்தைகளுக்கு இப்படியொரு கருணைக் கதை அச்சிட்டார்கள்" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டேன். இனி எந்த முகத்தோடு படங்களை மாட்டுவேன்? கண்காட்சியே வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்றிருக்கிறது. ஏன் அப்படி வாசித்தாய்?

வாலு

மார்ச் 19

அன்புள்ள வாலுவுக்கு,

கோபப்படு, தப்பில்லை. நான் வாசிக்கவே இல்லையம்மா. எனக்கு அப்போது ஆறு வயது, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, ஓர் எழுத்துகூடத் தெரியாது. படத்தைப் பார்த்து அளந்துவிட்டேன். குண்டு என்பது தெரியும். வெளியே அதுதானே விழுந்துகொண்டிருந்தது. நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அது என்னண்ணா போடுறான்?" என்றாய். வாயில் வந்தது பூசணிக்காய். சிரித்தாய், அப்படியே தூங்கிப்போனாய். நீ தூங்கிய பிறகு எனக்குக் கதை சொல்ல ஆளில்லை, தனியாக நடுங்கிக்கொண்டிருப்பேன். உன் பெயர் கெட வேண்டாம். பொய் சொன்னது அண்ணன்தான் என்று எழுதிப் போடு.

அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு எழுதிப் போட்டுவிட்டேன். புத்தகத்தைக் குண்டு விழும் பக்கத்தில் திறந்து வைத்து, அருகில் ஓர் அட்டை: "கதை: என் அண்ணன், வயது ஆறு." அழைப்பிதழையும் மாற்றி அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. நீ பட்டறையைப் பூட்டிவிட்டு அண்ணியோடு முந்தின நாளே வந்துவிடு, அன்றைக்குக் கூட்டம் இருக்காது. உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நீ பேசாமல் உட்கார். இந்தத் தடவை கதையை நான் சொல்கிறேன்.

உன் வாலு