அடுப்ப அணைச்சியா?

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி தேவலையா? அத்தா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

பெருநாளைக்கு வந்தபோது, வெளிச்சத்தம் விழாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்து போனில் பாடிப் பதிவு செய்தேனே, அந்தப் பாட்டை எங்கள் பேண்ட் குழு வெளியிட்டுவிட்டது. நடுவில் நீங்கள், "ஏலே அயாஸ், அடுப்ப அணைச்சியா?" என்று கத்தியதை மிக்சிங்கில் வெட்டவே இல்லை! நேற்று கல்லூரி மேடையில் அந்த இடம் வந்ததும், மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்து அதையே கத்தியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிதார் வாசிப்பதையே நிறுத்திவிட்டேன். ரீல்ஸிலும் என் பாட்டைக் காணோம்மா, உங்கள் அதட்டல் மட்டும்தான்!

தம்பி நியாஸ் சென்னை வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். சமைக்கிற சாமான் வேண்டாம். இன்றைய கச்சேரிக்குச் சவுண்ட் செக் பண்ணக் கூப்பிடுகிறார்கள், வாரேன்.

அடுப்ப அணைச்சியான்னு அம்புட்டுப் பேரும் கேக்குறாங்கம்மா. எங்கள் அறையில் அடுப்பே கிடையாது.

உங்கள் அயாஸ்