உங்கள் திவசத்தன்று அவன் பந்தெறியப் போனான்

இஞ்சாருங்கோ,

நாற்பத்தாறு வருஷம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள் இந்தக் கடிதத்திலா தொடங்கப் போகிறேன்? அன்பு குறையவில்லை. ஆனால் உங்கள் மகனைப் பற்றி ஒரு முறைப்பாடு இருக்கிறது. அந்தப் பேஸ்போல் பைத்தியத்தை அவனுக்கு ஏற்றிவிட்டது நீங்கள்தானே, நீங்களே கேளுங்கள்.

உங்கள் முதல் வருஷ ஆட்டைத் திவசம் திதிப்படி போன சனிக்கிழமை வந்தது. நாளைச் சொன்னதும் சுதன் போனில் இழுத்தான்.

"அம்மா, அண்டைக்குப் பின்னேரம் எனக்கு மட்ச்."

"உன்ர மட்சுக்கு ஏத்த மாதிரித் திதியை மாத்தச் சொல்லி ஐயரிட்டைக் கேக்கட்டோ?"

"இல்லையம்மா. காலமை எல்லாம் செய்துபோட்டுத்தான் போவன்."

நாற்பத்திரண்டு வயது. மாத்திரை போடாமல் வலது கையைத் தூக்க முடியாது. இருபது வயதுக்காரர் இவனைவிட வேகமாக எறிகிறார்களாம். அப்படியிருந்தும் போக வேண்டுமா? போன வருஷம் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றும் இதே கூத்துத்தான். பிண்டம் வைத்த கை காயும் முன் பந்தைப் பிடித்தது. வந்த சனத்துக்கு முன்னால் நான் கூசிப்போனேன். அன்றிலிருந்து அவனோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன்.

இந்த முறை படையல் முடிந்து சனம் சாப்பிட்டு எழும்ப, வேட்டியை மாற்றிக்கொண்டு பையைத் தூக்கினான். "நானும் வாறன்" என்று சப்பாத்தைப் போட்டேன். வீட்டிலிருந்து மைதானம் வரை காரில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏசவெண்டாலும் ஏசுங்கோ அம்மா."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

மைதானத்து ஓரத்தில் ஒரு மர வாங்கு; சனிக்கிழமைகளில் அவன் மட்சைப் பார்க்க நீங்கள் இருந்தது அதில்தானாம். முதுகு சாய இடமில்லை. எப்படி மணிக்கணக்காக இருந்தீர்கள்?

மூன்றாவது சுற்றில் எதிரணி நெட்டையன் ஒருவன் இவன் எறிந்த பந்தை வேலிக்கு அப்பால் மரங்களுக்குள் அடித்தான். ஒரே அடியில் மூன்று புள்ளிகள். இவன் தலை குனிவான் என்று பார்த்தேன். புதுப் பந்தை வாங்கி, இரண்டு கையாலும் உரசி, மூச்சு விட்டு, எறிந்தான். அடுத்து வந்தவன் அடிக்க முடியாமல் திரும்பிப் போனான். கடைசியில் ஒரு புள்ளியால் தோல்வி. அந்த நெட்டையனுக்கே கை கொடுத்துச் சிரிக்கிறான்!

கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் நான் தவறவிட்ட ஒரு வலைப்பந்துக்காக மதர் ஒரு கிழமை என் முகம் பார்க்கவில்லை. அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"உனக்கு வெக்கமில்லையோ?"

"அந்தப் பந்து போயிட்டுது அம்மா. அதையே யோசிச்சால் அடுத்ததையும் பிழையா எறிவன்."

"அப்ப அப்பாவும் போன பந்தோ?"

தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்பாவை விடேல்லை அம்மா. அந்தப் பின்னேரத்தைத்தான் விட்டனான்."

எந்தப் பின்னேரம் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு, நெஞ்சு அடைக்குது என்றீர்கள். அம்புலன்சைக் கூப்பிடச் சுதன் போனை எடுத்தான். "வாய்வுதான், ஊரைக் கூட்டாதை" என்று அவனைத் தடுத்து, ஓமத் தண்ணீர் தந்து உங்களைப் படுக்க வைத்தது நான். ஒரு மணித்தியாலம். அது வீணாகாமல் இருந்திருந்தால் இந்த வாங்கில் நீங்கள் இருந்திருப்பீர்களா? டொக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவன் அதை உறவுகளிடமோ என்னிடமோ ஒரு நாளும் எடுத்ததில்லை. நான்தான் ஒரு வருஷமாக அவன் மறந்துவிட்டான், மறந்துவிட்டான் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்படிப் பொறுமையாக இருக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை.

நியாயமாக அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது என்ன தெரியுமா? "சேர்ட்டை உள்ளுக்கு விட மாட்டியோ?"

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வருகிறான். சோறு போட முதல், "அண்டைக்குப் பிழை விட்டது நான்" என்று சொல்வேன். இதே சொற்களில், ஒன்றும் குறைக்காமல். அடுத்த சனிக்கிழமை ஒரு குஷனோடு அந்த வாங்குக்குப் போவேன். தோற்றால் ஏசுவேன், அதை மட்டும் என்னால் விட முடியாது.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட,
உங்கள் மனைவி, சுதனின் அம்மா